ட்ரெய்லரின் பின்விளக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: புதிதாகப் பாடி கட்டிய ட்ரெய்லரில் பின்விளக்குகள் இரண்டையும் நடுப்பகுதியில் நெருக்கமாகப் பொருத்தியிருக்கிறார்கள். ஓரத்தில் வைத்தால் உடைந்துவிடும் என்கிறது பட்டறை. ஏற்கலாமா? (நாமக்கல் வாசகர்)

பதில்: ஏற்காதீர்கள். இந்தியாவில் வாகன விளக்குகளின் இடத்தை வரையறுக்கும் ஏ.ஐ.எஸ். 008 தரநிலைப்படி, பின்புறச் சிவப்பு விளக்கு வண்டியின் வெளி விளிம்பிலிருந்து 400 மி.மீ.க்குள் அமைய வேண்டும். தரையிலிருந்து 350 மி.மீ.க்குக் குறையாமலும், பொதுவாக 1500 மி.மீ.க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். பின்னால் வருபவருக்கு இருட்டில் வண்டியின் அகலத்தைக் காட்டுவது அந்த இரண்டு விளக்குகள்தாம். அவற்றை நடுவில் ஒட்டவைத்தால், தொலைவிலிருந்து பார்ப்பவர் முன்னே செல்வது ஏதோ சிறிய வண்டி என்று கணித்து, ஓரத்தில் விலகிச் செல்ல இடமிருப்பதாக நம்பி, விளக்கில்லாத இரும்பு மூலையில் மோதுகிறார். பட்டறைகளின் இந்த வசதிக்கு இருசக்கர வாகனத்தில் செல்பவர் உயிரைக் கொடுப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. உடையும் என்று அஞ்சினால், ஒளியை மறைக்காத காப்புச் சட்டம் போடட்டும். மாற்றித் தரும்வரை மீதித் தொகையைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: சிவப்பு ஒளிரும் பட்டை ஒட்டியிருக்கிறோம். ஒரு பின்விளக்கு எரியாவிட்டால் பரவாயில்லையா? (சேலம் வாசகர்)

பதில்: கூடாது. பட்டை பிறருடைய வெளிச்சத்தைத் திருப்பியனுப்பும், அவ்வளவே. மத்திய மோட்டார் வாகன விதி 105 கேட்பது 155 மீட்டர் தொலைவிலிருந்து தெரியும் சிவப்பு விளக்கை.

கேள்வி: தரச்சான்று பெற்றவை என்று சொல்லி விற்ற எல்.இ.டி. பின்விளக்குகள் முதல் மழையிலேயே நீர் புகுந்து அணைந்தன. என் ஒரே வண்டியை நானே ஓட்டிப் பிழைக்கிறேன். வணிக வாகனத்துக்கு நுகர்வோர் வழக்கு கிடையாது என்கிறார் கடைக்காரர். (சங்ககிரி வாசகர்)

பதில்: அவர் உங்களை ஏமாற்றுகிறார். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே பொருள் வாங்கியவரை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. நான் வாங்கிய ஒரு ஜோடி விளக்கிலும் நீரைத் தடுக்கும் ரப்பர் வளையமே இல்லை, கடையும் மாற்றித் தரவில்லை என்பதால் உங்கள் கோபம் எனக்கு நன்றாகப் புரிகிறது. பில்லையும் பழுதான விளக்குகளையும் பத்திரப்படுத்தி, கடைக்கு எழுத்தில் புகார் கொடுத்து, 1915 என்ற தேசிய உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். பலனில்லையென்றால், 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் வழக்குக் கட்டணம் இல்லை.

கேள்வி: படத்தைப் பார்த்தே பழைய ட்ரெய்லர் ஒன்றை வாங்கி, முழுப் பணமும் கட்டிவிட்டேன். பிரேக் விளக்கு எரியவில்லை. விற்றவர் போனை எடுப்பதில்லை. (கரூர் வாசகர்)

பதில்: பிரேக்கை மிதித்து, பின்னால் ஒருவரை நிறுத்திப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். இவ்வளவு பெரிய தொகையை இப்படியா கொடுப்பது? எழுத்தில் உத்தரவாதம் இல்லையென்றால் பணம் திரும்புவது கடினம். இணைப்பு சாக்கெட்டின் முனைகளில் துரு இருக்கிறதா, எர்த் வயர் அறுந்திருக்கிறதா என்பதை முதலில் எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். விளக்கு எரியும்வரை வண்டியைச் சாலையில் இறக்காதீர்கள்.