கதையை அல்ல, கையை

அன்புள்ள எழுத்தாளருக்கு,

ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். நல்ல சிறுகதை ஒன்றை வாசிக்கவைத்து, ‘இதிலுள்ள உத்தியை எடுத்து நீங்களும் ஒரு கதை எழுதுங்கள்’ என்றேன். ஏறக்குறைய எல்லோரும் அதே கதையைப் பெயர் மாற்றி எழுதிவந்தார்கள். ‘காப்பியடிக்க நீங்களே சொல்லிக்கொடுக்கிறீர்களே’ என்று சக ஆசிரியர் சிரிக்கிறார். உத்தியை மட்டும் எடுக்கவைப்பது எப்படி? உங்கள் கதைகளை வகுப்பில் கொடுக்கலாமா?

ஒரு தமிழாசிரியர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதலில் உங்கள் சக ஆசிரியருக்கு. சீவக சிந்தாமணியிலிருந்து ஓர் அகப்பை முகந்துகொண்டதாகக் கம்பரே சொன்னார் என்று ஒரு செவிவழிக் கதை உண்டு. உண்மையோ பொய்யோ, அதைச் சொல்லிவந்தவர்கள் யாரும் கம்பரைக் குறைசொல்லச் சொல்லவில்லை. வால்மீகியின் கதையையே எடுத்துக்கொண்டவருக்கு அகப்பைக் கணக்கு எதற்கு! அந்தப் பேச்சை விடுங்கள்.

உங்கள் மாணவர்களின் கண்ணுக்குத் தெரிந்தது சம்பவம். அதை எடுத்துக்கொண்டார்கள். உத்தி என்று நீங்கள் சொன்னது அவர்களுக்கு நனவோடை, குறியீடு என்று தேர்வுக்கு மனப்பாடம் செய்கிற சமாச்சாரம். அதை வைத்துக்கொண்டு ஒரு வரிகூட எழுத முடியாது. நானாக இருந்தால், ‘இந்த இடத்தில் எழுதியவருக்கு என்ன சிக்கல் வந்திருக்கும்? எப்படிச் சமாளித்தார்?’ என்று மட்டும் கேட்பேன்.

கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கதைசொல்லி, குழந்தைகளுக்குப் புத்தகம் கொண்டுவந்து கொடுக்கிறவர், அவர்களோடு சிரித்து விளையாடுகிறவர், தங்கமான மனிதர். அந்தக் கூட்டத்தில் சாரங்கன் என்றொரு பையன். கடைசியில் அவன் ஒரு டைரியைத் தானே எடுத்து நீட்டி, தனக்கு அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்கிறான். அத்துடன் கதை முடிந்துவிடுகிறது.

இங்கே சிக்கல் என்ன? ஒதுங்கிப்போன ஒரு குழந்தையின் வலியை, அந்தக் குழந்தையும் புலம்பாமல், ஆசிரியரும் நடுவில் புகுந்து விளக்காமல் காட்டவேண்டும். அழகிரிசாமி கதை சொல்லும் வேலையை, அவனைக் கவனிக்காமல் விட்டவரிடமே கொடுத்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். அவர் கவனிக்காததால் நாமும் சரியாகக் கவனிக்கவில்லை. கடைசியில் அவரோடு சேர்ந்து நாமும் மாட்டிக்கொள்கிறோம். சாரங்கனே கதை சொல்லியிருந்தால் முதல் பக்கத்திலேயே அவன்மேல் இரக்கம் வந்து, அங்கேயே தீர்ந்தும் போயிருக்கும்.

இதைப் பார்த்துவிட்ட பிள்ளைகளிடம், டைரியும் புத்தகமும் இல்லாத கதை ஒன்றைக் கேளுங்கள். ‘உன்னால் வருத்தப்பட்ட ஒருவரைப் பற்றி எழுது. கதை சொல்கிற உனக்கு அது கடைசிவரை தெரியக்கூடாது.’ இதைப் பெயர் மாற்றி எழுத வழியே இல்லை.

இன்னொன்று கி. ராஜநாராயணனின் ‘கதவு’. தீர்வை பாக்கிக்காக வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். அதில் ஏறி ஆடிய பிள்ளைகள் பிறகு ஒருநாள் அதைக் கண்டுபிடித்துக் கட்டிக்கொள்கிறார்கள். வறுமையைப் பற்றித் தனியாகப் பேச வேண்டிய வேலையைக் கதவு பார்த்துக்கொள்கிறது. ஒரு மாணவி, ‘தாத்தா இறந்ததும் அம்மா ஆழ்ந்த துக்கத்தில் மூழ்கினாள்’ என்று எழுதியிருந்தாள். ‘கதவு’ வாசித்த பிறகு அதை அடித்துவிட்டு எழுதியது: ‘தாத்தாவின் போனை அம்மா இன்னும் தினமும் சார்ஜில் போடுகிறாள். யாராவது கூப்பிட்டால் எடுப்பதில்லை.’ இதில் கி.ரா.வின் சொல் ஒன்றுகூட இல்லை.

பயிற்சி என்று ஏதாவது வேண்டுமென்றால், பெஞ்சமின் பிராங்க்ளின் தன் சுயசரிதையில் சொல்லியிருப்பது போதும். ‘ஸ்பெக்டேட்டர்’ இதழின் கட்டுரைகளிலிருந்து வாக்கியத்துக்கு ஒரு சிறு குறிப்பு எழுதிவைத்துக்கொண்டு, சில நாள் கழித்து மூலத்தைப் பார்க்காமல் திரும்ப எழுதி, அப்புறம் இரண்டையும் ஒப்பிட்டுத் தன் குறைகளைத் திருத்திக்கொண்டார். கதையில் ஒரு பத்தியை எடுத்து இப்படிச் செய்யச் சொல்லுங்கள். பெரும்பாலும் மாணவர் எழுதியதுதான் நீளமாக இருக்கும். மூலத்தை எழுதியவர் எதைச் சொல்லாமல் விட்டார் என்பது அப்போதுதான் உறைக்கும்.

ஆரம்பத்தில் எல்லாக் கதையிலும் கடைசி வரியில் ஒரு திடுக்கிடல் வந்து நிற்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் மட்டும் போட்டுவிடாதீர்கள். எந்த முடிவுக்கு அதிக மதிப்பெண் கிடைத்ததோ, அடுத்த வாரம் வகுப்பு முழுவதும் அதையே எழுதிக்கொண்டு வரும்.

என் கதைகளைக் கொடுப்பது உங்கள் இஷ்டம். ஆனால் எழுதியவன் உயிரோடு இருந்தால், ‘இங்கே என்ன நினைத்து இப்படி எழுதினீர்கள்?’ என்று பிள்ளைகள் கடிதம் போடுவார்கள். நானும் ஏதாவது அளந்துவிடுவேன். அழகிரிசாமியிடம் அப்படிக் கேட்க முடியாது, பக்கத்தைத்தான் திரும்பப் பார்க்கவேண்டும். முதலில் அவரிடமிருந்து தொடங்குங்கள்.