காய்ந்த தலையில் சீப்பு – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

என் ஊர் திசையன்விளைப் பக்கம். பெங்களூரில் வேலை. எனக்கு நல்ல சுருட்டை முடி. காலேஜ் இரண்டாம் வருஷத்தில் முதல் தடவை ஸ்ட்ரெய்ட்டனிங் செய்தேன். அப்புறம் ரீபாண்டிங், ஸ்மூத்னிங், கெரட்டின் என்று பெயர்தான் மாறியது. வருஷத்துக்கு இரண்டு தடவை பார்லர் நாற்காலியில் நாலு மணி நேரம் உட்காருவது மாறவில்லை. தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது தலை குளித்துவிட்டுக் கண்ணாடி பார்த்தேன். உச்சியில் மூன்று விரல் அளவுக்குச் சுருட்டை, கீழே குச்சி குச்சியாக நேர்முடி. இரண்டும் சேரும் இடத்தில் கையோடு ஒடிந்து வருகிறது. இனிமேல் செய்வதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். அம்மா, "கல்யாணம் முடியட்டும், அப்புறம் எப்படியும் போ" என்கிறாள்.

இத்தனை வருஷமும் என்னையே நான் வெறுத்திருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது. அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் முடியை நேராக்கும் ரிலாக்ஸரை விட்டுவிட்டுத் தங்கள் இயல்பான முடிக்குத் திரும்புகிற வீடியோக்களைப் பார்த்து அழுதிருக்கிறேன். அவர்கள் கதைதானே அக்கா என் கதையும்? நான் கேட்க வந்தது: நேர்முடியை ஒரேயடியாக வெட்டிவிடவா, வளர வளரக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கவா?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

போன மாதம் ஆலங்குளத்தில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிருந்தேன். சடங்கான பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். ஸ்மூத்னிங் செய்து மேடையில் உட்கார்த்தியிருந்தார்கள். முடி பளபளவென்று தொங்கியது. பின்கழுத்தில், பிடரிக்குக் கீழே மட்டும், பார்லர்காரி கைக்குத் தப்பிய பொடிச்சுருள் நாலைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. மொய் எழுதிவிட்டு வந்ததிலிருந்து அந்தப் பிடரிதான் நினைப்பில் நிற்கிறது. அந்த நேரம் பார்த்து உன் கடிதம்.

முதலில் சண்டை போட்டுவிடுகிறேன். அவர்கள் கதை உன் கதை இல்லை. அங்கே ரிலாக்ஸர் என்கிற களிம்பில் சோடியம் ஹைட்ராக்சைடு உண்டு, சோப்புக் காய்ச்சுகிற அதே காஸ்டிக் சோடா. தலைத்தோல் வெந்து புண்ணாகும் என்று தெரிந்தே தலைமுறை தலைமுறையாக அதைத் தடவிக்கொண்டார்கள். தடவாவிட்டால் வேலை கிடைக்காது, பள்ளிக்கூடத்தில் பிள்ளையை வெளியே நிறுத்துவார்கள். முடியின் இயல்பை வைத்து வேலையிலும் பள்ளியிலும் ஒருவரை ஒதுக்கக் கூடாது என்று கலிபோர்னியாவில் சட்டம் வந்தது 2019ல். முடிக்கு ஒரு சட்டம் தேவைப்பட்ட ஊர் அது. சுருட்டை முடி என்று பெங்களூரில் உனக்கு யார் வேலை தர மறுத்தது? வீடியோ பார்த்து அழு, தப்பில்லை. சுருட்டையை எப்படிப் பேணுவது என்று அவர்களிடம் கற்றுக்கொள், அதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. அவர்கள் பட்ட பாட்டையும் சேர்த்து உன் தலையில் சூடிக்கொள்ளாதே.

'என்னையே வெறுத்தேன்' என்பதும் பெரிய பேச்சு. கூடப் படித்தவள் செய்தாள், நீயும் செய்தாய். அதை விடு.

ஒடிந்து வருகிறது என்றாயே, அதற்குக் காரணம் இருக்கிறது. முடி என்பது கெரட்டின் என்ற புரதம். அதற்குள் கந்தக அணுக்கள் இரண்டிரண்டாகக் கைகோத்துக்கொண்டு முடியின் வளைவைப் பிடித்து வைத்திருக்கின்றன. ரீபாண்டிங்கில் தயோகிளைக்கோலேட் என்ற மருந்தைப் போட்டு அந்தப் பிடியை விடவைக்கிறார்கள். சூடான அயர்ன் பிளேட்டால் இழுத்து நேராக்கி, ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டு, நேராக இருக்கும்போதே மறுபடி பிடிக்கவைக்கிறார்கள். பெட்டி போட்ட சட்டை துவைத்தால் பழையபடி கசங்கும், இது எத்தனை தடவை அலசினாலும் திரும்பாது. ஆனால் மருந்து தோலுக்குள் இருக்கிற வேரைத் தொடுவதில்லை. வேர் அதன் போக்கில் மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கணக்கில் சுருட்டையாகவே அனுப்பிக்கொண்டிருக்கும். பழையதும் புதியதும் சந்திக்கிற இடம்தான் பலவீனம். நேராக்கிய முடியை எந்த எண்ணெயும் மறுபடி சுருட்டையாக்காது. செக்கெண்ணெய்க்காரர் சத்தியம் செய்தாலும் நம்பாதே.

கெரட்டின் ட்ரீட்மெண்ட் என்று போடுகிற மருந்துகள் பலவற்றில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது, அல்லது சூடுபட்டால் அதைக் கக்குகிற ஏதோ ஒன்று இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004லேயே அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களில் சேர்த்துவிட்டது. புகை எழும்பும்போது உனக்குக் கண் எரிந்திருக்கும், கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியிருப்பாய். நீ வருஷத்துக்கு இரண்டு தடவை. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஜன்னல் இல்லாத ஏசி அறையில் தினமும் அந்தப் புகைக்குள் நிற்கிற பெண்ணுக்கு யார் கடிதம் எழுதுவது?

2022ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. 33,497 பெண்களைக் கிட்டத்தட்ட 11 வருஷம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். முடி நேராக்கும் மருந்தைத் தொடாதவர்களுக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம். வருஷத்துக்கு நாலு தடவைக்கு மேல் போட்டவர்களுக்கு 4.05 சதவீதம். இதனால்தான் அது வந்தது என்று ஆய்வு அடித்துச் சொல்லவில்லை, இரண்டுக்கும் தொடர்பு தெரிகிறது என்கிறது. நீ நிறுத்திவிட்டாய், சரி. இதை நினைத்துக்கொண்டு ராத்திரி தூங்காமல் கிடக்காதே.

ஆனால் பார்லர்காரி மேல் எனக்குக் கோபமே கிடையாது. உன் தலையை அவளுக்கு முன்னாலேயே கெடுத்தாயிற்று. கெடுத்தது காலை எட்டரை மணி. சொல்கிறேன் கேள்.

நான் முக்கூடல்காரி. எங்கள் வீட்டில் அம்மா பீடி சுற்றினாள், தெருவே சுற்றியது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. ஆயிரம் முடியாமல் தட்டு மடியை விட்டு இறங்காது. விரல் நுனியெல்லாம் தூள் ஏறியிருக்கும், அந்தக் கையால் பிள்ளை தலையைத் தொட முடியாது. எனக்குத் தலை பார்த்தது ஆச்சி. ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்குக் கூட்டிக்கொண்டு போவாள். செம்பருத்தி இலையைத் தண்ணீரில் போட்டுக் கொழகொழவென்று வரும்வரை பிசைந்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, அதைத் தலையில் வழித்துவிடுவாள். கீழ்ப்படியில் நான், மேல்படியில் அவள். சீப்பே கிடையாது, விரல்தான். நுனியிலிருந்து ஆரம்பிப்பாள். கடைசி நாலு விரல்கடை சிக்குப் போன பிறகுதான் அதற்கு மேலே போவாள். உச்சிக்கு வந்து சேரும்போது விரல் எங்கேயும் தட்டாமல் முழு முடியிலும் வழுக்கிக்கொண்டு இறங்கும். அலசி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்துவிட்டு, "காயுற வரைக்கும் தலைல கைய வச்சே, ஒடிச்சிருவேன் பாத்துக்கோ" என்பாள். காய்ந்தால் சுருள் சுருளாக, ஒன்றுக்கொன்று அடங்கி நிற்கும்.

ஈரத்தில் விரலால் சிக்கெடு, கண்டிஷனரைக் கழுவும் முன்னே எடு, டவலால் தேய்க்காதே என்று இன்றைக்கு நீ பார்க்கிற வீடியோக்களில் சொல்வது இதைத்தான். ஆச்சி சொன்னதெல்லாம் விஞ்ஞானம் என்று பேசுகிற ஆள் இல்லை நான். அதே ஆச்சிதான் வெட்டுக்காயத்தில் மூக்குப்பொடி வைத்தவள். இந்த ஒரு விஷயத்தில் அவள் விரலுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம். இரட்டைச் சடை, மடித்துக் கட்டி ரிப்பன். பிரேயருக்கு வரிசையில் நிற்கும்போது டீச்சர் பின்னாலிருந்து தலை தலையாகப் பார்த்துக்கொண்டு வருவார். சுருட்டை முடிக்காரிகளை மட்டும் தனியே இழுத்து நிறுத்துவார், தலை வாரவில்லை என்று. வாரினதுதானே டீச்சர் கேடு! காய்ந்த சுருட்டையில் சீப்பை விட்டால் சேர்ந்து வளைந்திருந்த இழைகளெல்லாம் பிரிந்து ஆளுக்கொரு திசையில் கிளம்பும். வாராமல் விட்டிருந்தால் அடங்கிக் கிடந்திருக்கும். அதை எண்ணெயை ஊற்றிப் படியவைத்தால் மத்தியான வெயிலில் நெற்றியில் வழியும். அதற்கும் திட்டு. ஊரில் பரட்டைத்தலை என்று பெயர் வாங்கினவர்களில் பாதிப் பேருக்கு இருப்பது காய்ந்த பிறகு சீப்புப் பட்ட சுருட்டை முடிதான். இதை நான் எங்கே போனாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், வீட்டில் எல்லோரும் எழுந்து போய்விடுகிறார்கள். நீயாவது கேள். கடையில் வாங்குகிற சீப்பு நேர்முடிக்குச் செய்தது. பள்ளிக்கூடத்துச் சடை நேர்முடிக்காரிகளை நினைத்துப் போட்ட சட்டம். பத்து வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் தெரியுமா? 'எனக்கு முடி சரியில்லை' என்றுதான் எடுத்துக்கொள்ளும். எட்டு வருஷம் கழித்து அந்தப் பிள்ளையே பார்லருக்குப் போய் 'இதைச் சரிபண்ணுங்க' என்று உட்காரும். இப்போது எட்டு வருஷம்கூடக் காத்திருப்பதில்லை, சடங்குக்கே செய்துவிடுகிறார்கள்.

ஆச்சி போன பிறகு அம்மா சடை போட்டாள். ஐந்து நிமிஷம், காய்ந்த தலை, கண் மேலே ஏறுகிற மாதிரி இழுப்பு. சடையில் புகையிலை வாடை அடிக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மூக்கைப் பிடித்துக்கொள்வாள். அவள் அம்மாவும் பீடிதான் சுற்றினாள். என் அம்மாவை நான் எதற்குக் குறை சொல்ல? சுருட்டை முடிக்கு வேண்டியது இன்னொரு ஆளின் கையும் ஒரு மணி நேரமும். அவளிடம் இரண்டும் இல்லை.

நீ பார்லரில் கொடுத்த ஆயிரங்களும் அந்த நேரத்துக்குத்தான். காலையில் பத்து நிமிஷத்தில் தலையைச் சீவிவிட்டு ஆபீஸ் பஸ்ஸைப் பிடிக்கிற வசதிக்குக் கொடுத்த காசு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இப்போது அதை விடுகிறாய் என்றால் அந்த நேரத்தை வேறு எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும். அதை யோசித்தாயா? வெட்டுவதைப் பற்றிக் கேட்டிருக்கிறாய், வெறுப்பைப் பற்றி எழுதியிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை உனக்கு இருக்கிறதா இல்லையா என்று ஒரு வரி இல்லை.

டீச்சர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு விண்ணப்பம். பின்னலைக் கேளுங்கள், படிந்த தலையைக் கேட்காதீர்கள்.

வெட்டுகிற விஷயம். பெங்களூரில் என்றால் ஒரேயடியாக வெட்டு, யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஊரில் பாய்கட் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு விசாரணை நடக்கும். அதற்கும் நம் பக்கத்தில் வழி இருக்கிறது: திருச்செந்தூரில் மொட்டை. நேர்த்திக்கடன் என்று சொல்லிவிட்டால் ஒருத்தர் வாயைத் திறக்க மாட்டார்கள், அம்மாவே துணைக்கு வருவாள். 1986ல் மாவட்டத்தைப் பிரித்துத் திருச்செந்தூரைத் தூத்துக்குடியோடு சேர்த்தார்கள், மொட்டைக்கு இன்னும் நாங்கள் அங்கேதான் போகிறோம். அவ்வளவு துணிச்சல் இல்லையென்றால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நுனியை எடுத்துக்கொண்டே வா. தோள் வரை சுருட்டை இறங்க இரண்டு வருஷத்துக்கு மேலேயே ஆகும்.

உன் ஊர்ப் பக்கம் போர் தண்ணீர் உப்பு. கடைசி அலசலுக்காவது ஒரு வாளி நல்ல தண்ணீர் வைத்துக்கொள்.

அம்மாவிடம், "கோரைமுடி குடியைக் கெடுக்கும், சுருட்டைமுடி சோறு போடும்" என்று பழமொழி சொல்லி ஜெயிக்கப் பார்க்காதே. கோரைமுடிக்காரி என்ன பாவம் செய்தாள்? கல்யாணத்தன்று உன் சொந்த முடி யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது என்று கேள். சவுரி வைத்து, குஞ்சலம் கட்டி, இடுப்பு வரைக்கும் பூவைத் தைத்து மூடிவிடுவார்கள். அந்தச் சவுரி எந்தக் கோயிலில் யார் கொடுத்த மொட்டையோ, அது நேர்முடியா சுருட்டையா என்று எந்தச் சம்பந்தியும் கேட்டதில்லை.

உன் கடிதத்தின் பின்குறிப்பை மேலே போடவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுத்திருக்கிற போட்டோவில் நேர்முடி, நேரில் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று கேட்டிருக்கிறாய். போட்டோவை மாற்று, இந்த வாரமே. ஸ்டூடியோவில் எடுத்தால் முகத்தை வெளுப்பாக்குகிற கையோடு முடியையும் கம்ப்யூட்டரில் படியவைத்துவிடுவார்கள். ரெண்டையும் தொடாதீங்க அண்ணாச்சி என்று காசு கொடுக்கும் முன்னாலேயே சொல்லிவிடு.