கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், சின்னக் குழந்தைகளை வைத்துக்கொண்டு காலை நேரத்தைச் சண்டையில்லாமல் ஓட்டுவது எப்படி?

மகளுக்கு 6 வயது, மகனுக்கு 3 வயது, நீங்களும் கணவரும் வேலைக்குப் போகிறீர்கள், சுவரில் ஒட்டிய கால அட்டவணை ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை, தினமும் காலையில் அழுகையும் அடியும்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அட்டவணையைக் கிழித்துப் போடுங்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு மணி பார்க்கத் தெரியாது. தெரிந்தாலும் நம் அவசரம் அவனுக்கு எதற்கு?

எங்கள் வீடும் ஏறக்குறைய உங்கள் வீடுதான். மகள் இரண்டாம் வகுப்பு, மகனுக்கு மூன்று வயது. திருப்பூரில் இருக்கிறோம். நான் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். காலை எட்டரைக்கு ஷிப்ட். வீட்டுக்காரர் நிட்டிங்கில், அதாவது நூலைத் துணியாகப் பின்னும் பிரிவில், இருக்கிறார். ஒரு வாரம் பகல், மறு வாரம் இரவு, எட்டுக்கு எட்டு. குடியிருப்பது காம்பவுண்டு வீடு. எதிரெதிராக வரிசை வீடுகள், நடுவில் பொது வாசல், ஒரு மூலையில் உப்புத் தண்ணீர்த் தொட்டி. அதனால் நான் சொல்வது தனி வீட்டில், மாமியாரோடு, சமையலுக்கு ஆள் வைத்து இருப்பவர்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

முதலில் ஒன்று. காலையில் பிள்ளைகளிடம் கேள்வி கேட்பதை நிறுத்துங்கள். "எழுந்திருக்கலாமா கண்ணு?" "பல் தேய்க்கலாமா?" "தோசையா, இட்லியா?" இப்படிக் கேட்டால் மகன் எல்லாவற்றுக்கும் "வேண்டாம்" என்றுதான் சொல்வான். கேட்டது நாம், பதில் சொன்னது அவன், பிறகு அந்தப் பதிலை மதிக்காமல் தரதரவென்று இழுத்துப் போகிறோம். அழாமல் என்ன செய்வான்? இப்போது நான் பேசுவதே இல்லை. பிரஷில் பேஸ்ட்டை வைத்துக் கையில் கொடுத்துவிடுகிறேன். வாளியில் வெந்நீர் ஊற்றி, குவளையை மிதக்க விட்டால் அவனே சட்டையைக் கழற்றிக்கொண்டு வருகிறான். மகளுக்குப் பிடித்த கிளிப் எது, ரிப்பன் எது என்ற பஞ்சாயத்தெல்லாம் முந்தைய நாள் இரவே முடிந்துவிட வேண்டும்.

ரிப்பன் என்றதும் நினைவுக்கு வருகிறது. இரட்டைச் சடை பின்னி மடித்துக் கட்டுவது காலையில் நடக்கிற காரியமல்ல. முடிச்சை அவிழ்க்கும்போது ஒரு அழுகை, கோணல் வகிடு என்று இன்னொரு அழுகை. பள்ளியில் பேன் பரவிய சமயத்தில் மகளுக்கு முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிவிட்டேன். அவளுடைய அம்மிச்சி, அதாவது என் அம்மா, பொங்கல் வரைக்கும் என்னோடு சரியாகப் பேசவில்லை. பேசாவிட்டால் என்ன, காலையில் பெரிய நிம்மதி. இப்போது ஒரு சீப்பு, ஒரு ஹேர்பேண்டு, அவளே செய்துகொள்கிறாள்.

அடுத்து காலைச் சமையல். என் பெண் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் படிக்கிறாள். அங்கே முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் இருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்றாக, பள்ளி மணி அடிப்பதற்கு முன்பே சூடாகக் கொடுத்துவிடுகிறார்கள். மதியம் சத்துணவு, கூடவே முட்டை. இதை ஏழைகளுக்கான சோறு என்று முகம் சுளிப்பவர்கள் எங்கள் உறவிலேயே உண்டு. என்னைக் கேட்டால், எட்டரைக்கு மெஷின் ஓடத் தொடங்கும் ஊரில் இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. காலை உணவும் மதிய டப்பாவும் என் தலையில் இல்லை. அடுப்பில் பாலும், மகனுக்கு ஒரு டம்ளர் ராகிக் கஞ்சியும், எங்கள் இருவருக்கும் ஒரு சாதமும் ஆனால் போதும். சீருடையும் பள்ளியிலேயே நான்கு ஜோடி கொடுக்கிறார்கள். அதனால் எந்தச் சட்டை என்ற கேள்வியும் இல்லை.

உறவினர்கள் கேட்பது இதுதான்: வேன் வரும் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் சேர்த்தால் என்ன? எங்கள் தெருவுக்கு அந்த வேன் ஏழு இருபதுக்கு வருகிறது. அதற்குள் குளித்து, சாப்பிட்டு, டப்பா கட்டி, ஷூவுக்கு லேஸ் போட்டு, டைரியில் கையெழுத்தும் போட்டாக வேண்டும். பக்கத்து வீட்டுப் பையன் பாதித் தூக்கத்தில் வேனில் ஏறுவதைத் தினமும் பார்க்கிறேன். உங்கள் பிள்ளை எங்கே படிக்கிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. வேன் என்றால் உங்கள் காலைச் சண்டையில் பாதி அந்த வேனால்தான் இருக்கும்.

மீதிப் பாதி முந்தைய இரவில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலில், மூன்று, நான்கு வயதுப் பிள்ளை பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும் என்று இருக்கிறது. எங்கள் ஊரில் பிள்ளைகள் இரவு பதினொன்று வரை விழித்திருப்பது சாதாரணம். காரணம் ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்குப் போன அம்மா இரவு எட்டரைக்கு வந்தால், அவள் முகத்தைப் பார்த்து, மடியில் உட்கார்ந்து, பகலில் நடந்ததையெல்லாம் சொல்லி முடிக்காமல் எந்தப் பிள்ளை தூங்கும்? பதினொன்றுக்குப் படுத்த பிள்ளையை ஆறரைக்கு எழுப்பினால் அது அழத்தான் செய்யும். மகன் பிறந்த பிறகு நான் ஒரு ஷிப்ட்டோடு நிறுத்திக்கொண்டேன். ஐந்தரைக்குக் கிளம்பிவிடுவேன். சனிக்கிழமை சம்பளக் கவரில் அதன் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. வண்டிக் கடன் இன்னும் முடியவில்லை. எல்லோராலும் இது முடியாது என்பதும் தெரியும். கம்பெனியில் ஆர்டர் அனுப்பும் தேதி நெருக்கும் வாரங்களில் என்னாலும் முடிவதில்லை. ஆனாலும் ஒன்பதரைக்குள் விளக்கை அணைத்துவிட்ட நாளின் மறுநாள் காலை வேறு மாதிரியாக இருக்கிறது.

ஒன்பதரைக்குள் படுக்க வேண்டுமானால் இரவுச் சமையல் இழுக்கக் கூடாது. எங்கள் பக்கத்து அரிசிம்பருப்பு சாதம்தான் எனக்குக் கைகொடுக்கிறது. இரண்டு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் துவரம்பருப்பு. கழுவி ஊற வைத்துவிட்டு, பிள்ளைகளின் கை கால் கழுவி வருவதற்குள் அது ஊறிவிடும். குக்கரில் எண்ணெய் விட்டு கடுகு, சீரகம், மிளகு, இரண்டு வரமிளகாய், கறிவேப்பிலை, கை நிறையச் சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, ஒரு தக்காளி, மஞ்சள்தூள். வதங்கியதும் ஏழு டம்ளர் தண்ணீர், உப்பு, அரிசியும் பருப்பும். நாலு விசில். குழைய வேண்டும், குழையாவிட்டால் மகன் பருப்பை மட்டும் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் அடுக்குவான். மேலே நெய், பக்கத்தில் தயிர் அல்லது அப்பளம். வாரத்தில் இரண்டு நாள் இதுவே செய்தாலும் யாரும் குறை சொல்வதில்லை. தொட்டுக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரரும் இப்போது கேட்பதில்லை.

ஆற்றுத் தண்ணீர் வரும் நாளில் மேலே சொன்ன எதுவும் நடக்காது. எங்கள் பகுதிக்குச் சில நாட்களுக்கு ஒருமுறைதான் வரும். இரவு எத்தனை மணிக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. அன்று குடம் பிடிப்பதுதான் வேலை. பிள்ளைகளும் வாசலில்தான் இருப்பார்கள்.

மகன் நாள் முழுவதும் என்ன செய்கிறான் என்று பார்த்தால், நம்மைவிட அவனுக்குத்தான் வேலை அதிகம். வீட்டுக்காரர் கம்பெனியிலிருந்து நூல் தீர்ந்த காலிக் கோன்களைக் கொண்டுவருவார். அட்டையில் செய்த கூம்புகள், கீழே அகலம், மேலே குறுகல். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி மகன் கோபுரம் கட்டுவான். செருகினால் கோபுரம் உயராமல் ஒன்றுக்குள் ஒன்று அமுங்கிப் போகும். உடனே எல்லாவற்றையும் உருவி, தரையில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றின் தலையிலும் கட்டிங் வேஸ்ட் துணியில் ஒரு துண்டைப் போர்த்துவான். "இவங்கெல்லாம் குளிச்சுட்டாங்க" என்பான். சரியாக நான் செருப்பைத் தேடும் நேரத்தில்தான் கடைசி இரண்டு பேருக்குத் துவட்டிக்கொண்டிருப்பான். அப்போது "வா, நேரமாச்சு" என்று இழுத்தால் வாசல் முழுக்கக் கேட்கும்படி அலறுவான். துவட்டாத ஒரு கோனை அவன் கையில் கொடுத்து இடுப்பில் தூக்கிக்கொண்டால் பேசாமல் வருகிறான். வழியெல்லாம் அதற்குத் துவட்டிக்கொண்டே வருவான்.

இரவு ஷிப்ட் வாரத்தில் வீட்டுக்காரர் பகலில் தூங்க வேண்டும். இருப்பதோ ஒரே அறை. விடுமுறை நாட்களில் பிள்ளைகளைச் சத்தம் போடாதே என்று அதட்டி அதட்டி நான்தான் அதிகம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். அவர்தான் சொன்னார், விட்டுவிடு என்று. பன்னிரண்டு மணி நேரம் நிட்டிங் மெஷின் நடுவில் நிற்பவருக்குப் பிள்ளைகள் சத்தம் ஒரு பொருட்டல்ல. சத்தம் நின்றால்தான் எழுந்துகொள்கிறார். அது நல்ல பழக்கம், ஏனென்றால் இந்த இரண்டும் சத்தமில்லாமல் இருக்கும்போதுதான் ராகி மாவு டப்பா திறக்கப்படும்.

இப்போது நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய விஷயம். நான் எட்டு மணிக்குக் கிளம்பினால், அங்கன்வாடி திறக்கும் வரை மகன் யாரிடம் இருப்பான்? பள்ளி விட்டதிலிருந்து நான் வரும் வரை இருவரும் யாரிடம் இருப்பார்கள்? எதிர் வீட்டு அக்காவிடம். மாதம் பிறந்ததும் அவருக்குப் பணம் கொடுத்துவிடுவேன். பண்டம் வாங்கிக் கொடுத்து, சேலை எடுத்துக் கொடுத்துச் சமாளிப்பதெல்லாம் இல்லை, கணக்காகப் பணம். முதலில் அவர் வாங்க மறுத்தார். வற்புறுத்திக் கொடுத்தேன். ஓசியில் பார்த்துக்கொள்ளச் சொன்னால், ஒரு நாள் தண்ணீர்க் குடச் சண்டையில் அந்த உதவி நின்றுபோகும். அன்று நம் வேலையும் போகும். அந்த அக்காவின் பக்கத்து வீட்டில் ஒடிசாவிலிருந்து வந்த குடும்பம். அவர்கள் பிள்ளையோடு விளையாடி என் மகள் இந்தியில் இருபது வரை எண்ணுகிறாள். அந்தப் பிள்ளை எங்களைவிட நன்றாக "போங்க, வாங்க" என்று கொங்குத் தமிழ் பேசுகிறது.

பெண்கள் 30 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பக அறை வேண்டும் என்று பழைய தொழிற்சாலைச் சட்டத்தில், 1976ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, எழுதியிருந்தது. நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் அந்த அறை இருந்தது. கதவில் பலகை, உள்ளே அட்டைப் பெட்டிகள். உங்கள் அலுவலகத்தில் இப்படி ஓர் அறை இருந்தால் போய்ப் பாருங்கள். உள்ளே குழந்தைகள் இருந்தால் அதிர்ஷ்டம்.

காய்ச்சல் நாட்களுக்கு ஒரு வார்த்தை. பாராசிட்டமால் சிரப் ஒரே அளவில் வருவதில்லை. 5 மில்லியில் 125 மில்லிகிராம் இருக்கும் பாட்டிலும் உண்டு, 250 மில்லிகிராம் இருக்கும் பாட்டிலும் உண்டு. பார்த்துக்கொள்பவரிடம் "ஒரு மூடி கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு ஓடினால் இரட்டிப்பாகப் போய்விடும். டாக்டர் எடை பார்த்து எழுதிய அளவையும், எத்தனை மணி நேர இடைவெளி என்பதையும் பிள்ளை பெயரோடு பாட்டிலிலேயே ஒட்டிவைத்துவிடுங்கள். யார் லீவு போடுவது என்பதில் எங்கள் வீட்டில் விவாதம் இல்லை. இரவு ஷிப்ட் வாரமென்றால் அவர், பகல் வாரமென்றால் நான்.

அடிப்பது பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் காம்பவுண்டில் எந்த வீட்டில் பிள்ளைக்கு அடி விழுந்தாலும் எல்லோருக்கும் கேட்கும். அது பெரும்பாலும் எட்டு மணிக்கு முந்தைய கால் மணி நேரத்தில்தான் விழுகிறது. அந்தக் கால் மணி நேரத்தில் செய்யும் வேலைகளில் எதை இரவுக்கு மாற்றலாம், எதைச் செய்யாமலே விடலாம் என்று மட்டும் பாருங்கள். பை, தண்ணீர் பாட்டில், செருப்பு மூன்றும் இரவே கதவருகே போகட்டும். வீடு கூட்டுவதை மாலைக்குத் தள்ளுங்கள். காலையில் முடியாத நாளில் மகனுக்குக் குளியல் சாயங்காலம் போதும். வெயில் ஊரில் அதுவே நல்லது.

நீங்கள் எந்த ஊர், பள்ளி விடும் நேரத்துக்கும் நீங்கள் வீடு திரும்பும் நேரத்துக்கும் நடுவில் பிள்ளைகள் யாரிடம் இருக்கிறார்கள் என்பதைக் கீழே எழுதுங்கள். அது தெரிந்தால் உங்கள் வீட்டுக்குத் தகுந்தாற்போல் இன்னும் கொஞ்சம் சொல்ல முடியும்.