விளக்கு மினுக்குகிறது, எஞ்சினை இறக்கலாமா?

கேள்வி (மண்டபத்திலிருந்து ஒரு வாசகர்):

அண்ணே, என்னிடம் 1996 மாடல் டீசல் ஜீப் இருக்கிறது. மண்டபத்தில் மீன் பெட்டி ஏற்றி ராமநாதபுரத்தில் இறக்குவேன். மீன்பிடித் தடைக்காலத்தில் ஓட்டமில்லை. பேட்டரி இறங்கிவிடக் கூடாதே என்று தினமும் காலையில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைத்து வைத்தேன். ஜூன் 15க்கு அப்புறம் லோடு அடிக்கத் தொடங்கியதும் ஒரு தொல்லை. காலையில் எல்லாம் சரி. உச்சிப்புளியில் டீக்கு நிறுத்தி நியூட்ரலில் விட்டால் ஆயில் விளக்கு மினுக்குகிறது. லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்தால் அணைந்துவிடுகிறது. டிப் ஸ்டிக்கில் ஆயில் நிறையவே இருக்கிறது, குறையவே இல்லை. ஆயில் மாற்றி ஒரு வருடம் ஆகிறது. மெக்கானிக் ஒருவர் பேரிங் போய்விட்டது, எஞ்சினை இறக்கினால் அறுபதாயிரம் ஆகும் என்கிறார். இன்னொருவர் கெட்டி ஆயில் ஊற்றினால் போதும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்:

தம்பி, அறுபதாயிரத்தை எண்ணி வைப்பதற்கு முன்னால் சொல்லுங்கள், உங்கள் எஞ்சினில் ஆயில் பிரஷர் எத்தனை பவுண்டு (பிஎஸ்ஐ)? கடிதத்தில் இல்லை. அந்த இரண்டு பேரும் அளந்து பார்த்ததாகவும் தெரியவில்லை.

சிவப்பு விளக்குக்கு எண்ணத் தெரியாது. எஞ்சினில் திருகியிருக்கும் அந்தச் சின்ன சுவிட்சு, பிரஷர் ஐந்து ஆறு பவுண்டுக்குக் கீழே இறங்கினால் விளக்கை எரியவிடும், ஏறினால் அணைக்கும். அதன் படிப்பு அவ்வளவுதான். அது மினுக்குகிறது என்றால், ஒன்று பிரஷர் நிஜமாகவே அந்த எல்லையில் ஆடிக்கொண்டிருக்கிறது, இல்லாவிட்டால் சுவிட்சு கிழடுதட்டிப் பத்துப் பன்னிரண்டு பவுண்டிலேயே எரிகிறது. வண்டி ஓடும்போது விளக்கு அணையாமல் நின்று எரிந்தால் மட்டும் யோசிக்கவே வேண்டாம். அந்த இடத்திலேயே எஞ்சினை அணைத்துவிட்டுக் கயிறு கட்டி இழுத்து வாருங்கள். மீன் கெட்டால் ஒரு நாள் நஷ்டம், எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் கெட்டால் ஒரு சீசன் நஷ்டம்.

கடற்கரை வண்டிக்காரர்கள் உப்பின் மேல் பழியைப் போடுவார்கள். சுவிட்சின் டெர்மினலில் பச்சை பூத்திருக்கும், அதனால்தான் விளக்கு எரிகிறது என்பார்கள். உண்மையில் நடப்பது தலைகீழ். சுவிட்சு மூடி, ஒயர் எஞ்சின் உடம்பில் எர்த் ஆனால்தான் விளக்கு எரியும். டெர்மினலில் உப்புப் பிடித்துத் தொடர்பு விட்டுப்போனால் விளக்கு எரியவே எரியாது, ஆயிலே இல்லாவிட்டாலும் எரியாது. கீழக்கரைப் பக்கம் ஒருவர் “என் வண்டியில் ஆயில் விளக்குத் தொல்லையே கிடையாது” என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். கனெக்டிங் ராடு பிளாக்கைப் பொத்துக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் என் பட்டறைக்கு வந்தார். சாவி போட்டதும், எஞ்சின் ஓடுவதற்கு முன்னால், அந்த விளக்கு எரிய வேண்டும். தினமும் பாருங்கள். உங்களுக்கு ஆக்சிலரேட்டருக்குத் தகுந்தபடி மினுக்குவதால் ஒயரில் கோளாறு இருக்க வாய்ப்புக் குறைவு.

சரி, அளப்பது எப்படி? சுவிட்சைக் கழற்றி, அந்த ஓட்டையில் மெக்கானிக்கல் கேஜைத் திருக வேண்டும். விசைப்படகு எஞ்சின் வேலை பார்ப்பவர் யாரிடமாவது குழாயோடு ஒன்று கட்டாயம் இருக்கும், கேட்டு வாங்குங்கள். திருகு மரை வண்டிக்கு வண்டி வேறுபடும் என்பதால் பழைய சுவிட்சைக் கையோடு கொண்டுபோய் அடாப்டர் பாருங்கள். பட்டறை வாசலில் ஐந்து நிமிடம் ஓடவிட்டு அளந்தால் பயனில்லை. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி, ஆயில் நன்றாகக் காய்ந்த பிறகு நியூட்ரலில் ஒரு தடவை, 2000 சுற்றில் ஒரு தடவை. வண்டியின் கையேட்டில் சொல்லியிருக்கும் அளவுதான் முதல் பிரமாணம். அது கையில் இல்லாவிட்டால், ஆயிரம் சுற்றுக்குப் பத்துப் பவுண்டு என்பது பழைய எஞ்சின்களுக்குப் பட்டறைகளில் வழங்கும் கணக்கு. சூட்டில், நியூட்ரலில் பன்னிரண்டும் 2000 சுற்றில் முப்பதுக்கு மேலும் காட்டினால், சுவிட்சை மாற்றிவிட்டு லோடுக்குப் போகலாம்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், உங்கள் வண்டி மாதிரியே மினுக்கிய ஒரு வேனை நான் அளக்காமல் இறக்கினேன். மெயின் பேரிங், பிக் எண்ட் பேரிங் எல்லாம் புதிது போட்டு ஏற்றி ஸ்டார்ட் செய்தால், விளக்கு அப்படியே மினுக்குகிறது. மறுபடி பிரித்துப் பார்த்தால், அதிகப் பிரஷரை வடித்துவிடும் ரிலீஃப் வால்வில் பழைய கேஸ்கட் துணுக்கு ஒன்று, உளுத்தம்பருப்பு அளவுதான் இருக்கும், சிக்கி வால்வை முழுசாக மூடவிடாமல் வைத்திருந்தது. பம்ப் தள்ளிய ஆயில் அந்த வழியாகவே சம்ப்புக்கு (எஞ்சினின் அடித்தொட்டிக்கு)த் திரும்பிக்கொண்டிருந்தது. வேன்காரரிடம் கூலி கேட்க எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு வாங்கிய கேஜ் இன்றைக்கும் பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது.

பேரிங்குக்கும் பிரஷருக்கும் என்ன சம்பந்தம் என்று பலருக்குக் குழப்பம். தென்னந்தோப்பில் தண்ணீர் பாய்ச்சியிருப்பீர்கள். மோட்டார் அதே மோட்டார்தான். நடுவில் நாலு இடத்தில் மடை உடைந்திருந்தால் கடைசி மரத்துக்குத் தண்ணீர் ஏறாது. ஆயில் பம்பும் அப்படித்தான், ஆயிலைத் தள்ள மட்டும்தான் அதற்குத் தெரியும். பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே இருக்கும் நூலிழை இடைவெளி ஆயிலை மறிப்பதால்தான் பிரஷர் எழுகிறது. தேய்ந்து இடைவெளி கூடினால் மடை உடைந்த மாதிரி. குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருப்பதால் உடைப்பில் மெதுவாகக் கசியும், சூடாகி இளகினால் ஓடிவிடும். காலையில் சரி, உச்சிப்புளியில் தொல்லை என்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

ஆனால் ஆயில் தானாகவே இளகிப்போயிருந்தாலும் இதே அறிகுறிதான் வரும். உங்கள் கடிதத்தில் என் கண்ணைப் பிடித்து நிறுத்தியது “குறையவே இல்லை” என்ற வார்த்தை. இத்தனை வருடம் ஓடிய டீசல் எஞ்சின் கொஞ்சமாவது ஆயில் குடிக்கும். குறையவே இல்லை என்றால் வேறு ஏதோ உள்ளே சேருகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். தடைக்காலத்தின் 61 நாளும் தினமும் ஐந்து நிமிடம் ஓட்டி அணைத்தீர்களே, அதில் எஞ்சின் ஒரு நாளும் சூடாகியிருக்காது. குளிர்ந்த சிலிண்டரில் எரியாத டீசல் சுவரோரமாக வழிந்து சம்ப்பில் சேரும், ஈரமும் சேரும். பேட்டரிக்கு நல்லது செய்யப்போய் ஆயிலைக் கெடுத்திருக்கிறீர்கள் என்பது என் சந்தேகம். அடுத்த தடைக்காலத்தில் பேட்டரி வயரைக் கழற்றி வையுங்கள், போதும்.

டீசல் வாடை வருகிறதா என்று டிப் ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். ஒரு சொட்டைச் செய்தித்தாளில் விட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். கறுப்பு வட்டத்தைச் சுற்றி மங்கலான எண்ணெய் வளையம் அகலமாகப் படர்ந்திருந்தால் டீசல் கலந்திருக்கிறது. கேஜ் அளவைக் குறித்துக்கொண்டு, கையேடு சொல்லும் கிரேடில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, அதே சூட்டில் மறுபடி அளந்து பாருங்கள். பிரஷர் ஏறிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. ஆனால் இரண்டு வாரத்தில் டிப் ஸ்டிக்கில் அளவு ஏறினால், டீசல் அனுப்பும் ஃபீட் பம்பின் டயஃப்ரம் (சவ்வு) கிழிந்திருக்கிறதா, இன்ஜெக்டர் சொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

புது ஆயிலிலும் ஏறவில்லையா? அப்போதும் எஞ்சினை முழுசாக இறக்க அவசரப்பட வேண்டாம். முதலில் சம்ப்பை மட்டும் கழற்றச் சொல்லுங்கள். ஸ்ட்ரெய்னர் வலையில் சேறு அடைத்திருக்கிறதா, ரிலீஃப் வால்வு தடையில்லாமல் ஓடுகிறதா, பம்ப் கியர் தேய்ந்திருக்கிறதா என்று வரிசையாகப் பார்த்துவிட்டு, கடைசியில் கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கும் பிக் எண்ட் மூடி ஒரே ஒன்றைக் கழற்றுங்கள். பேரிங்கின் சாம்பல் நிறம் போய்ச் செம்பு தெரிந்தால் உங்கள் மெக்கானிக் சொன்னது சரி. கிராங்கை மைக்ரோமீட்டரில் அளந்து, கோடு விழாமல், வட்டம் கெடாமல் இருந்தால் பேரிங் செட் மட்டும் போதும். கெட்டிருந்தால் லேத்தில் கொடுத்துக் கிரைண்டிங் செய்து, குறைந்த அளவுக்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் போட வேண்டும். அப்போது அறுபதாயிரம் நியாயமான தொகைதான்.

கெட்டி ஆயில் பற்றி: கையேடு அனுமதித்தால் நம் ஊர் வெயிலுக்கு 15டபிள்யூ-40க்குப் பதில் 20டபிள்யூ-50 ஊற்றுவது குற்றமில்லை. பிரஷர் கொஞ்சம் ஏறும். தேய்மானம் அங்கேயேதான் இருக்கும். கடையில் டப்பாவில் விற்கும் பிரஷர் ஏற்றும் மருந்தெல்லாம் வேண்டாம், தம்பி.

கேள்வி (தொண்டி): பழைய வேனில் ஆயில் கேஜ் முள் பகலில் ஒழுங்காக நிற்கிறது. இரவில் ஹெட்லைட் போட்டதும் இடம் மாறிவிடுகிறது. பம்ப் கெட்டுவிட்டதா?

பதில்: ஆயில் பம்புக்கு ஹெட்லைட் எங்கே தெரியும்? இது எர்த் கோளாறு. எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு பட்டை ஒயர் இருக்கும், கடலோர வண்டிகளில் அதன் இரு முனையும் அரித்துப்போயிருக்கும். கழற்றி எமரித்தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். பட்டை இற்றுப்போயிருந்தால் புதிது போடுங்கள். டேஷ்போர்டு எர்த்தையும் கையோடு பார்த்துவிடுங்கள்.

கேள்வி (ஏர்வாடி): ஃபில்டர் மாற்றியதிலிருந்து காலையில் ஸ்டார்ட் செய்தால் ஏழெட்டு விநாடி கழித்துத்தான் ஆயில் விளக்கு அணைகிறது.

பதில்: இரவில் ஃபில்டர் காலியாகிவிடுகிறது. உள்ளே ஆயிலைத் திரும்ப இறங்கவிடாத ரப்பர் வால்வு ஒன்று இருக்க வேண்டும், மலிவு ஃபில்டரில் அது சரியாக மூடாது. தினமும் அந்த ஏழெட்டு விநாடியும் பேரிங் ஆயில் இல்லாமல் ஓடுகிறது. நல்ல ஃபில்டராக வாங்குங்கள். நிமிர்ந்து மாட்டும் வகை என்றால் முதலில் அதில் ஆயில் நிரப்பிவிட்டுத் திருகுங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகு மாட்டுங்கள்.