கையில் 45 லட்சம், திட்டம் ஒன்றரைக் கோடிக்கு மேல்: அத்திவாரம் போடலாமா?

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: ஐயா, திருகோணமலை நகரத்துக்குக் கொஞ்சம் வெளியே உள்ள ஒரு சின்னக் கத்தோலிக்கப் பங்கு எங்களுடையது. கடற்தொழிலும் கூலி வேலையும் செய்கிற குடும்பங்கள்தான் அதிகம். கோவில் வளவுக்குள் ஒரு தகரக் கொட்டகையில் முன்பள்ளி நடக்கிறது. மாரி வந்தால் ஒழுகும், வெயில் வந்தால் பிள்ளைகள் வெந்து போவார்கள். இப்போது மாடிக் கட்டடம் ஒன்று கட்டுவோம், கீழே முன்பள்ளி, மேலே பிறகு ஐந்தாம் வகுப்பு வரை கத்தோலிக்கப் பள்ளி என்று பேச்சு வந்திருக்கிறது. மதிப்பீடு 1 கோடியே 60 லட்சம். கையில் இருப்பது 45 லட்சம். பாதர், "ஆண்டவர் பார்த்துக்கொள்வார், அத்திவாரக் கல்லை வைப்போம்" என்கிறார். பங்குச் சபையில் உள்ள ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர், "முழுக் காசும் கைக்கு வராமல் மண்வெட்டி தொடக் கூடாது" என்கிறார். நான் செயலாளர், நடுவில் நிற்கிறேன். பணத்தைப் பற்றிக் கேட்டால் விசுவாசம் குறைந்தவள் என்று பார்க்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
- பெயர் வேண்டாம், திருகோணமலை

பதில்: உங்கள் விசுவாசத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, தங்கச்சி. கணக்குக் கேட்பவரை விசுவாசத்தைக் காட்டி வாயடைப்பது நம் பங்குகளில் பழகிப்போன வழக்கம். அதற்குப் பயந்து அறிக்கைப் புத்தகத்தை மூடிவைத்துவிடாதீர்கள்.

முகாமையாளர் ஐயா லூக்கா 14ஆம் அதிகாரத்தைத்தான் கையில் வைத்திருப்பார் என்று நினைக்கிறேன். கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா, பாதியில் விட்டால் ஊர் சிரிக்காதா என்று இயேசு கேட்கிற இடம். நல்ல வசனம்தான், ஆனால் அதை அரைவாசியில் நிறுத்திவிடுகிறோம். அந்தப் பேச்சு முடிவது 33ஆம் வசனத்தில், தனக்குள்ள எல்லாவற்றையும் விட்டுவிடாதவன் என் சீடனாக முடியாது என்று. ஆகவே கணக்குப் பார்க்கச் சொன்னவரேதான் கணக்குக்கு அடங்காத ஒன்றையும் கேட்கிறார். கடைசிச் சதமும் வங்கியில் விழுந்த பிறகுதான் தொடங்குவேன் என்றால் அங்கே ஆண்டவருக்கு வேலை ஒன்றும் மிச்சம் இல்லை. அதோடு விலைவாசியும் நமக்காகக் காத்திருக்காது. 2021 தொடக்கத்தில் ஆயிரம் ரூபா அளவில் இருந்த சீமெந்துப் பை 2022இல் மூவாயிரத்தைத் தாண்டியதை நாம் எல்லோரும் பார்த்தோம், அன்று வங்கியில் பத்திரமாகக் கிடந்த கட்டட நிதிகள் தூங்கிக்கொண்டே கரைந்தன.

பாதருக்கு விவிலியத்தின் நெகேமியா நூலை வாசிக்கக் கொடுங்கள். எருசலேம் மதில் இடிந்து கிடக்கிறது என்று கேட்டதும் அவர் அழுது, நோன்பிருந்து, செபித்தார். சரி. அப்புறம் என்ன செய்தார்? அரசனிடம் வழிப்பயணத்துக்குக் கடிதம் கேட்டார், மரம் தரச் சொல்லி வனக் காவலருக்கு இன்னொரு கடிதம் கேட்டார், ஊருக்கு வந்ததும் யாருக்கும் சொல்லாமல் இரவில் போய் மதிலைச் சுற்றிப் பார்த்தார், அதன் பிறகுதான் சனங்களைக் கூப்பிட்டு "கட்டுவோம்" என்றார். மதில் 52 நாளில் முடிந்தது என்பதைப் பிரசங்கத்தில் எல்லோரும் சொல்கிறோம், கல் வைப்பதற்கு முன்னால் போன மாதங்களை யாரும் சொல்வதில்லை.

சலேசிய சபையைத் தொடங்கிய இத்தாலியக் குரு தொன் போஸ்கோவின் கதையும் அப்படித்தான். தூரின் நகரில் சகாய அன்னை பேராலயத்தைத் தொடங்கும்போது கையில் இருந்த எட்டுச் சல்லிக்காசைக் கொந்தராத்துக்காரர் கையில் கொட்டி இதுதான் முதல் தவணை என்றார் என்பார்கள். 1865இல் மூலைக்கல் வைத்து 1868 ஜூனில் அபிஷேகம் நடந்துவிட்டது, பெரிய அதிசயம்தான். ஆனால் அந்த மனிதர் லாட்டரிச் சீட்டு நடத்தினார், பணக்காரர் வீட்டு வாசல்களில் நின்றார், ஓயாமல் கடிதம் எழுதினார். எட்டுக் காசை மட்டும் பின்பற்றி, வீடு வீடாக ஏறி இறங்கிய கால்களை விட்டுவிடுகிறவர்கள்தான் நம்மிடம் அதிகம்.

சரி, உங்கள் வழக்குக்கு வருகிறேன். நான் சொல்வது, இப்போதே தொடங்குங்கள், ஆனால் 45 லட்சத்துக்குள் எது முழுமையாக நிற்குமோ அதை மட்டும் தொடங்குங்கள். கூரை போட்ட ஒரு வகுப்பறையும், பிள்ளைகளுக்கு ஏற்ற கழிவறையும், தண்ணீரும் என்றால் அது ஒரு கட்டம். அடுத்த சதம் ஒரு வருடம் வராவிட்டாலும் அங்கே பிள்ளைகள் உட்காரலாம். மாடி பிறகு வரும் என்றால் அத்திவாரத்தையும் தூண்களையும் அந்தப் பாரத்துக்கு இப்போதே பொறியியலாளர் கணக்கிட்டுத் தர வேண்டும், மேசன் பாஸின் அனுபவத்தை மட்டும் நம்பி மாடி ஏற்ற முடியாது. மேலே நீட்டி விடுகிற தூண் கம்பிகளை வெறுமனே விடாதீர்கள். திருகோணமலை உப்புக் காற்றில் அவை எப்படிச் சிவந்து உதிர்கின்றன என்பதைக் கடற்கரை வீதியில் பாதியில் நின்ற எந்தக் கட்டடத்திலும் பார்க்கலாம். சீமெந்துப் பால் பூசி, முடிந்தால் மெல்லிய கொங்கிரீட்டால் மூடிவிடுங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று கடல் மண் ஏற்றிக்கொண்டு வருகிறவரையும் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள், அந்த உப்பு உள்ளிருந்தே கம்பியைத் தின்னும். ஆற்று மண்தான், அதுவும் அனுமதிப்பத்திரத்தோடு வந்த மண்.

காலத்தையும் பாருங்கள். நம் பக்கம் ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரைக்கும் மழை விடாது. தை முடிந்து அத்திவாரம் வெட்டினால் புரட்டாதிக்குள் கூரை ஏறிவிட வேண்டும், இடையில் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கூரைச் சீற்றுகளைச் சரியாகக் கட்டாமல் விட்டால் அடுத்த வளவில்தான் போய்ப் பொறுக்க வேண்டி வரும். பாதர் திருவிழாவோடு சேர்த்துக் கல் வைக்க ஆசைப்படுவார், திருவிழா எந்த மாதம் என்று முதலில் பாருங்கள்.

இனி நான் கொஞ்சம் கடுமையாகச் சொல்லப் போகிற விஷயம். ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று நம்பி நம்முடைய நேரத்தை, நகையை, மானத்தைக் கூட வைக்கலாம், அது நம்முடையது. சனிக்கிழமை மாலை கூலிக்காக நிற்கிற மேசனின் சம்பளத்தை வைத்து நம்புவதற்கு நமக்கு உரிமை இல்லை. கடையில் கடனுக்கு எடுத்த கம்பியும் அப்படித்தான். வேலையாளுக்குக் கொடுக்காமல் பிடித்த கூலி கூக்குரலிடுகிறது, அது ஆண்டவரின் செவிக்கு எட்டுகிறது என்று யாக்கோபு 5:4 சொல்கிறது. கோவில் வேலை என்பதால் அந்தக் கூக்குரல் குறையும் என்று எங்கும் எழுதவில்லை. கோவிலின் உச்சியில் நின்று குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று இயேசுவிடம் சொன்னது சாத்தான் என்பதும் உங்கள் சபைக்குத் தெரியும். ஒவ்வொரு கட்டத்துக்கும் பொருளும் கூலியும் கையில், அடுத்த கட்டத்துக்குச் செபமும் ஓட்டமும். இந்த அளவுக்குப் பாதரும் முகாமையாளரும் ஒத்துக்கொண்டால் உங்கள் சண்டையில் பாதி தீர்ந்துவிடும்.

மாடியில் ஐந்தாம் வகுப்பு வரை பள்ளி என்கிறீர்களே, அதை யாராவது சட்டத்தில் பார்த்தீர்களா? 1960இலும் 1961இலும் வந்த சட்டங்களால்தான் நம் கத்தோலிக்கப் பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசின் கைக்குப் போயின. நம் நகரத்தில் 1867இல் தொடங்கிய புனித சூசையப்பர் கல்லூரிகூட இன்று அரச பாடசாலைதான். அந்த 1961ஆம் ஆண்டுச் சட்டமே 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்குத் தனியார் புதிதாகப் பாடசாலை திறப்பதையும் தடுத்தது. சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிகளாகப் பதிந்து நடப்பது இதனால்தான். முன்பள்ளி இந்த வயதெல்லைக்குக் கீழே இருப்பதால் வழி உண்டு, மாகாணத்தில் பதிய வேண்டும். மேல்மாடிக் கனவை ஆயர் இல்லத்தில் பேசி, ஒரு சட்டத்தரணியிடம் கேட்டு, அதற்குப் பிறகு வரைபடத்தில் போடுங்கள். கத்தோலிக்கப் பள்ளி என்ற பெயரைப் பலகையில் எழுதுவதற்கே திருச்சபைச் சட்டம் 803இன்படி அதிகாரமுள்ளவரின் சம்மதம் வேண்டும், அதையும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

காணி உறுதி யார் பெயரில் இருக்கிறது, அரச பெர்மிட் காணியா என்று பாருங்கள். கடலின் உயர் நீர்க் கோட்டிலிருந்து 300 மீற்றருக்குள் என்றால் உள்ளூராட்சி சபையின் அனுமதி மட்டும் போதாது, கரையோரம் பேணல் திணைக்களத்திடமும் போக வேண்டும். கடற்கரையை ஒட்டிய பங்குகள் இதில்தான் மாட்டுப்படுகின்றன. 2004 டிசம்பர் 26ஐப் பார்த்த ஊரில் சின்னப் பிள்ளைகளைக் கரையோரம் வைப்பதற்கு முன் இரண்டு தரம் யோசிக்கவும் வேண்டும்.

கடைசியாக ஆசிரியைகள். கட்டடத்துக்குக் காசு தருகிற வெளிநாட்டு உறவு ஆசிரியையின் மாதச் சம்பளத்துக்குத் தருவதில்லை, சம்பளத்தில் பெயர்ப்பலகை மாட்ட முடியாதே. புது வகுப்பறைக்கு எத்தனை ஆசிரியைகள், யார் கொடுப்பது, எவ்வளவு என்ற தாளையும் மதிப்பீட்டோடு சேர்த்துச் சபையில் வையுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பள்ளி வகுப்பறைக்கு நிலம் போட என்று கனடாவில் இருந்து ஒருவர் காசு அனுப்பினார். இப்போது கழிவறைதான் அவசரம். அதற்கு எடுக்கலாமா? நல்ல காரியம்தானே.
- நிலாவெளி வாசகர்

பதில்: அவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. விசுவாசிகள் ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்குத் தந்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கே பயன்படுத்த வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 1267 சொல்கிறது. ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும்: நிலைமை இது, மாற்றலாமா. பெரும்பாலும் சரி என்பார். அந்தப் பதிலைப் படம் பிடித்துக் கணக்குக் கோப்பில் வைத்துவிடுங்கள், இரண்டு வருடம் கழித்து அவர் ஊருக்கு வந்து நிலத்தைத் தேடும்போது உதவும்.

கேள்வி: லண்டனில் இருந்து எழுதுகிறேன், பிறந்தது மூதூர். பங்குக்குப் பல தடவை பணம் அனுப்பியிருக்கிறோம், கணக்கு மட்டும் வருவதில்லை. கேட்டால் கோவிலைச் சந்தேகிக்கிறோம் என்கிறார்கள்.

பதில்: 2 அரசர்கள் 12ஆம் அதிகாரத்தை அவர்களுக்கு அனுப்புங்கள். யோவாசு அரசன் காலத்தில் ஆலயத்தைப் பழுதுபார்க்கக் கொடுத்த காசு குருக்களிடம் போனது, அரசனின் 23ஆம் ஆண்டு வரை வேலை நடக்கவில்லை. அப்புறம் மூடியில் துளையிட்ட ஒரு பெட்டி வந்தது. நிறைந்ததும் அரசனின் செயலரும் தலைமைக் குருவும் சேர்ந்து எண்ணி, நேரே வேலை நடத்துகிறவர்களிடம் கொடுத்தார்கள். யாரும் யாரையும் திருடன் என்று சொல்லவில்லை, எண்ணும்போது இரண்டு பேர் இருந்தார்கள், அவ்வளவுதான். விசுவாசிகள் கொடுத்ததற்கு விசுவாசிகளுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 1287உம் சொல்கிறது. அடுத்த முறை அனுப்பும்போது மாதக் கணக்கைக் கோவில் பலகையில் ஒட்டுவதை நிபந்தனையாகவே வையுங்கள். பலகை ஊரில் உள்ளவர்களுக்கும் உதவும், அவர்கள் கொடுத்த நூறு ரூபாவும் உங்கள் பவுணுக்குக் குறைந்தது இல்லை.

கேள்வி: நாங்கள் சைவம். என் மகன் கோவில் முன்பள்ளிக்குப் போகிறான், சிஸ்டர் நல்லவர். கட்டட நிதிக்குக் கேட்டு ஒரு துண்டு வந்திருக்கிறது. கொடுப்பதா விடுவதா?
- உப்புவெளி அம்மா

பதில்: மகன் உட்காரப் போகிற தரைதானே அம்மா, மனம் இருந்தால் கொடுங்கள், பற்றுச்சீட்டு வாங்குங்கள். கட்டாயம் என்று யாராவது சொன்னால் அது தவறு, கொடுக்காத தாயின் பிள்ளையை ஒரு பார்வையால்கூட வேறாக நடத்தக் கூடாது. காசாகத்தான் கொடுக்க வேண்டும் என்றும் இல்லை. உங்கள் வீட்டுக்காரர் வயரிங் வேலை தெரிந்தவர் என்றால் ஒரு ஞாயிறு மத்தியானம் கட்டட நிதிக்கு ஐந்தாயிரம் ரூபாவை விடப் பெரிய உபகாரம்.

கேள்வி: அத்திவாரத்துக்குள் சூசையப்பர் பதக்கம் போட்டால் வேலை தடையில்லாமல் முடியும் என்கிறார்கள். இது மூட நம்பிக்கை இல்லையா?
- பாலையூற்று இளைஞர்

பதில்: மொன்றியலில் ஒரு பள்ளியின் வாயில் காவலராக இருந்த சகோதரர் அந்திரே, மலையில் காணி கிடைக்க வேண்டும் என்று அங்கே சூசையப்பர் பதக்கங்களைப் புதைத்தார் என்பார்கள். 2010இல் திருச்சபை அவரைப் புனிதர் ஆக்கியது, ஆகவே உங்கள் ஊர் ஆச்சிமாரைப் பார்த்து நான் சிரிக்கப் போவதில்லை. ஆனால் அதே சகோதரர் மாணவர்களுக்கு முடி வெட்டி, கிடைத்த சில்லறையைச் சேர்த்துத்தான் 1904இல் அந்தச் சின்னச் சிற்றாலயத்தைக் கட்டினார். பெரிய ஆலயம் 1967இல்தான் முடிந்தது, அவர் இறந்தது 1937இல். தடையில்லாமல் என்ற வாக்குறுதி அந்தப் பதக்கத்தில் இல்லை என்று தெரிகிறது. போடுங்கள், செபமாகப் போடுங்கள். கம்பி கட்டி முடித்து, பொறியியலாளர் வந்து பார்த்து, கொங்கிரீட் போடலாம் என்று சொன்ன பிறகு போடுங்கள். பாதரை ஆசீர்வாதத்துக்கு அழைக்கிற அன்றைக்கே பொறியியலாளரையும் அழைத்துவிட்டால் தேநீர்ச் செலவும் ஒன்றுதான்.