காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

நான் பிறை தொழிற்பேட்டையில் வேலை செய்கிறேன். 9 மாதத்துக்கு முன் என் மனைவி 7 வயது மகளை அழைத்துக்கொண்டு சுங்கைப்பட்டாணியில் உள்ள தாய்வீட்டுக்குப் போய்விட்டார். தவறு என்னுடையது. நாலு நம்பர் லாட்டரியில் ஆரம்பித்துக் கைப்பேசிச் சூதாட்டம் வரை போய், ஆலோங் எனப்படும் சட்டவிரோத வட்டிக்காரரிடம் கடன்பட்டு, அதை அடைக்க அவருடைய தாலிச் சங்கிலியைச் சொல்லாமல் அடகு வைத்தேன். இப்போது 4 மாதமாக எந்த ஆட்டமும் இல்லை. சபைக்குத் திரும்பிவிட்டேன்; வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருக்கிறேன்; கர்த்தர் என்னை மன்னித்துவிட்டார் என்ற நிச்சயம் உண்டு. 'மனைவிகளே, கீழ்ப்படியுங்கள்' என்ற வசனத்தை மனைவிக்கு அனுப்பியும் பதில் இல்லை. தேசியப் பதிவிலாகாவின் திருமண டிரிபியூனலிலிருந்து அழைப்புதான் வந்திருக்கிறது. தேவன் மன்னித்ததை மனைவி ஏன் மன்னிக்க மறுக்கிறார்? அவர் திரும்பி வர நான் எப்படி ஜெபிக்க வேண்டும்?

பட்டர்வொர்த் வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

செய்த தவற்றை மழுப்பாமல் எழுதியிருக்கிறீர்கள். அந்த நேர்மையை நம்பித்தான் கொஞ்சம் கடினமாகவே பதில் எழுதுகிறேன். மனைவி திரும்பி வர வேண்டும் என்ற ஜெபத்தைச் சில வாரங்களுக்கு நிறுத்தி வையுங்கள்.

மலைப்பிரசங்கத்தில் இயேசு சொன்னது உங்களுக்குத் தெரிந்திருக்கும். காணிக்கை செலுத்த வந்தவன், 'உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில்', காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாக வேண்டும். உனக்கு யார்மேல் குறை என்று அவர் கேட்கவில்லை. உன்மேல் யாருக்குக் குறை என்றுதான் கேட்டார். அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் கலிலேயா நாட்டார். பலிபீடமோ எருசலேமில் இருந்தது, ஏறத்தாழ 3 நாள் நடை. காணிக்கையை விட்டுவிட்டு ஊருக்கு நடந்து, குறை தீர்த்து, மறுபடியும் நடந்து வா என்பதுதான் அந்தச் சொல்லின் கனம். பட்டர்வொர்த்திலிருந்து சுங்கைப்பட்டாணிக்கு நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் நீங்கள் பலிபீடத்தை விட்டு நகராமல், வசனத்தை மட்டும் அனுப்பி வைத்திருக்கிறீர்கள்.

அனுப்பியதும் மனைவிக்கு எழுதப்பட்ட வசனம். புருஷருக்கு எழுதப்பட்டதை நான் நினைவூட்டுகிறேன்: 'உங்கள் ஜெபங்களுக்குத் தடைவராதபடிக்கு' மனைவிக்குச் செய்ய வேண்டிய கனத்தைச் செய்யுங்கள் என்று பேதுரு தம் முதல் நிருபத்தின் 3-ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். வெள்ளிக்கிழமை உபவாசத்தோடு சேர்த்து இதையும் வாசியுங்கள்.

தேவன் மன்னித்ததை மனைவி ஏன் மன்னிக்கவில்லை என்கிறீர்கள். தாவீது 'நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்' என்று சொன்ன மாத்திரத்தில், கர்த்தர் உமது பாவம் நீங்கச்செய்தார் என்று தீர்க்கதரிசி நாத்தான் பதில் சொன்னான். அதனால், தாவீது மனைவியை எடுத்துக்கொண்டு கொல்லச் செய்த உரியா உயிரோடு எழுந்து வரவில்லை. தேவனுடைய மன்னிப்பு உங்களுக்குக் கிடைத்த கிருபை. அதைக் கையில் வைத்துக்கொண்டு மனைவியிடம் பாக்கி வசூலிக்கப் போகக்கூடாது. 51-ஆம் சங்கீதத்தில் அதே தாவீது 'சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும்' என்றுதான் கேட்கிறான். வானமும் பூமியும் சிருஷ்டிக்கப்பட்டதைச் சொல்லும் ஆதியாகமத்தின் முதல் வசனத்தில் வரும் அதே சொல். இருந்ததைப் பழுதுபார்க்கும் வேலை இல்லை அது. 4 மாதத்தில் முடிந்துவிடும் என்றும் நான் நினைக்கவில்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் கணவர் இன்று இல்லை, இருந்தால் சிரித்துக்கொண்டே சம்மதித்திருப்பார். திருமணமான 6-ஆம் ஆண்டில் நான் 11 மாதம் தாய்வீட்டில் இருந்தேன். காரணம் பணம்தான். சபை மூப்பர்கள் வந்தார்கள், மாமியார் வந்தார், எல்லாரும் ஜெபித்தார்கள், எனக்குக் கோபம்தான் கூடியது. ஒரு நாள் கணவர் மட்டும் வந்தார். மளிகைக் கடைகளில் கடன் எழுதும் சின்ன 555 நோட்டு ஒன்றைத் திண்ணையில் வைத்துவிட்டு, தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். யாருக்கு எவ்வளவு, எந்தத் தேதியில் வாங்கியது, இதுவரை கட்டியது எவ்வளவு என்று தம் கோணல் கையெழுத்தில் எழுதியிருந்தார். எனக்கே தெரியாத 2 கடன்களும் அதில் இருந்தன. வா என்று ஒரு சொல் இல்லை. மறு மாதமும் கொண்டுவந்தார். நான் திரும்பிப் போனது அந்த நோட்டை நம்பித்தான்.

உங்கள் கடிதத்தில் தாலிச் சங்கிலி அடகுக்குப் போன செய்தி இருக்கிறது, மீட்ட செய்தி இல்லை. அடகுக் கடையில் மீட்கும் தவணை பொதுவாக 6 மாதம், அது கடந்திருக்கும். நாளைக்கே போய் விசாரியுங்கள். போய்விட்டது என்றால் அதையும் மறைக்காமல் அப்படியொரு நோட்டில் எழுதுங்கள். வங்கிக் கடன்களும் இருந்தால், மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை அமைப்பு இலவசமாக ஆலோசனை தருகிறது. ஆலோங் மிரட்டினால் காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள். சம்பளக் கணக்கை மனைவி எப்போது வேண்டுமானாலும் பார்க்க வழி செய்யுங்கள். நாலத்தனையாகத் திரும்பக் கொடுக்கிறேன் என்று வரி வசூலித்த சகேயு சொன்ன பிறகே, இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு சொன்னார்.

இந்தப் பிரிவில் கை நீட்டியதும் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. உண்டென்றால் நான் மேலே சொன்ன பயணமும் வேண்டாம்; அவர் விலகி இருப்பதே சரி, 1994-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் அவருக்குத் துணை நிற்கும்.

டிரிபியூனல் அழைப்பைக் கண்டு கலங்க வேண்டாம். 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கும் திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 106-ஆவது பிரிவுப்படி, ஒருவர் மட்டும் மணவிலக்குக் கேட்டால், சில விதிவிலக்குகள் தவிர, வழக்குக்கு முன் இணக்க முயற்சி நடந்தாக வேண்டும். அதற்கு 6 மாதம் வரை அவகாசம் உண்டு, வழக்கறிஞர்கள் உங்களுக்காகப் பேச முடியாது. 9 மாதமாக அவர் பேசாததை அந்த அறையில் பேசக்கூடும். போதகரை அழைத்துக்கொண்டு போகாதீர்கள். குறுக்கே பேசாமல் கேளுங்கள். கடன் கணக்கை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். அவர் முடிவை மாற்றாமலும் போகலாம்; அப்போதும் தாலிச் சங்கிலிக் கடன் உங்களுடையதே, மகளுக்கு நீங்கள் தகப்பனே.

எங்கள் ஜெபக் குழுவில் புதன்கிழமைதோறும் பெயர் சொல்லி ஜெபிப்பது வழக்கம். உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்துவிட்டேன். மனைவியின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. எழுதி அனுப்புங்கள்.