உள்பையைத் திருப்பிப் பாருங்கள்

பழைய கோட்டுகள், சூட்டுகள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, குன்னூர்த் தையல்காரர் ஒருவரின் மகளும் நாற்பது ஆண்டுகளாகப் பழைய கோட்டுகளைச் சேர்த்துவருபவருமான நம் கட்டுரையாளரின் பதில்கள்.

தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் வெள்ளை டிரில் கோட்டு ஒன்று கிடைத்தது. பட்டன் ஒன்றுகூட இல்லை. தைத்த தடமும் இல்லை. இரண்டு பக்கமும் ஓட்டைகள்தான். கழுத்துப்பட்டிக்கு உள்ளே கறுப்பாக ஏதோ கிறுக்கியிருக்கிறது. தைத்து முடிக்காத கோட்டா இது? எத்தனை வயது இருக்கும்? (வாசகர், தஞ்சாவூர்)

முடிக்காத கோட்டா! உங்கள் தாத்தா கேட்டால் வருத்தப்படுவார். அது பல வருடம் உடுத்தி, பல முறை வெளுத்த கோட்டு.

நம் வெயிலில் வெள்ளைக் கோட்டை இரண்டாம் நாள் போட முடியாது. சலவைக்காரரோ கல்லில் ஓங்கி அடிப்பார். எந்தப் பட்டனும் அதற்குத் தாங்காது. அதனால் பட்டனைத் தைக்காமல், அதன் காம்பை ஓட்டைக்குள் நுழைத்துப் பின்பக்கம் சின்ன வளையம் ஒன்றைக் கோத்துவிடுவார்கள். வெளுக்கப் போடும்போது வளையத்தைக் கழற்றினால் பட்டன் கையோடு வந்துவிடும். அதே பெட்டியின் மூலையில் பழைய மாத்திரை டப்பா, மூக்குப்பொடி டப்பா ஏதாவது கிடந்தால் திறந்து பாருங்கள். வளையங்களை நான் இரண்டு முறை அப்படித்தான் கண்டெடுத்தேன்.

கறுப்புக் கிறுக்கல் சலவைக் குறி. எந்த வீட்டுத் துணி என்று தெரிவதற்காகச் சேராங்கொட்டைச் சாற்றால் போடுவது. துணி நைந்தாலும் அது போகாது. தயவுசெய்து போக்கவும் முயலாதீர்கள். அந்தக் கோட்டு உழைத்ததற்கு அதுதான் அத்தாட்சி.

வயதைக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் லேபிளில் என்ன இருக்கிறது என்று எழுதவில்லை. மெட்ராஸ் கடை என்றால் முகவரியைப் பாருங்கள். பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15-ல். ஆறு இலக்க எண் இருந்தால் அந்த லேபிள் அதற்குப் பிந்தியது. அதற்கு முன் ‘மெட்ராஸ்-2’ என்பதுபோலச் சின்ன எண்தான். ‘மவுண்ட் ரோடு’ என்று இருப்பது மட்டும் எதற்கும் சாட்சியாகாது. இன்றைக்கும் பாதிப் பேர் அப்படித்தானே சொல்கிறோம்?

லண்டனில் பழைய துணிக்கடை ஒன்றில் ட்வீட் கோட்டு வாங்கினேன். 1930-களில் தைத்தது என்றார்கள். உள்ளே ஹாரிஸ் ட்வீட் லேபிளும், தனியாக ஒரு தையற்கடை லேபிளும் உள்ளன. எதை நம்புவது? (வாசகி, ஹாரோ)

கடைக்காரரைத் தவிர எல்லோரையும் நம்பலாம்.

ஹாரிஸ் ட்வீட் என்பது ஸ்காட்லாந்துத் தீவுகளில் நெய்யும் கம்பளித் துணி. அந்த லேபிள் துணிக்குச் சாட்சி, தையலுக்கு அல்ல. உருண்டைக்கு மேல் சிலுவை வைத்த அந்த முத்திரையைத் துணியில் குத்தத் தொடங்கியது 1911-ல். அதனால் முத்திரை இருப்பதை மட்டும் வைத்து அன்றிலிருந்து இன்றுவரை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். லேபிளில் உள்ள சின்ன எழுத்தைப் பூதக்கண்ணாடியில் படியுங்கள். ‘ஹாரிஸ் ட்வீட் அத்தாரிட்டி’ என்று இருந்தால் பேச்சே வேண்டாம். அந்த அமைப்பு 1993-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் வந்தது. அதற்கு முன் இருந்தது ‘அசோசியேஷன்’. கம்பளி உருண்டை போன்ற ‘வூல்மார்க்’ சின்னமும் சேர்ந்திருந்தால் 1964-க்கு முன்னால் போகவே முடியாது.

தையற்கடை லேபிளில் மறுபடியும் முகவரிதான் உதவும். லண்டன் தபால் வட்டங்களுக்கு எண் சேர்த்தது 1917-ல், முதல் உலகப்போரின்போது. வெறும் ‘லண்டன், டபிள்யூ.’ என்றால் பெரும்பாலும் அதற்கு முந்தியது, ‘டபிள்யூ.1’ என்றால் பிந்தியது. ‘ரீஜன்ட்’ என்பதுபோல இணைப்பகத்தின் பெயரோடு தொலைபேசி எண் இருந்தால் நல்லது. முழுக்க முழுக்க இலக்கங்களாலான எண்கள் 1966 முதல்தான் அங்கே வரத் தொடங்கின.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. என் அப்பா ஒருமுறை கடை லேபிள்களை மொத்தமாக நெய்து வாங்கினார். கடை இடம் மாறி ஆறு வருடம் ஆன பிறகும் பழைய முகவரியையே தைத்துக்கொண்டிருந்தார். வீணாக்க மனம் வரவில்லை. ஆகவே லேபிள் கோட்டைவிட மூத்ததாக இருக்கலாம். இளையதாக இருந்தால், யாரோ பிறகு தைத்தது என்று பொருள். லேபிளைச் சுற்றி வேறு ஊசித்துளைகள் தெரிகின்றனவா, நூலின் நிறம் பக்கத்துத் தையலோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

எல்லாவற்றையும்விட உயர்ந்த சாட்சி உட்பக்க மார்புப் பைக்குள் இருக்கிறது. அளவெடுத்துத் தைக்கும் லண்டன் கடைகள் வாடிக்கையாளர் பெயரையும் தேதியையும் மையால் எழுதி ஒரு சீட்டை அந்தப் பைக்குள் தைத்துவிடுவது வழக்கம். பையை வெளியே திருப்பாமல் விரலை மட்டும் விட்டுத் தடவினால் அது அகப்படாது.

என்னிடம் உள்ள சூட்டின் பேண்ட்டில் ஜிப் இல்லை, பட்டன்தான். அப்படியானால் அது ஜிப் கண்டுபிடிப்பதற்கு முந்தியதுதானே? (வாசகர், கோயம்புத்தூர்)

இல்லை. சேகரிப்பவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். ஒன்று ‘இருக்கிறது’ என்பது சாட்சி. ‘இல்லை’ என்பது சாட்சியே அல்ல.

இன்று நாம் காணும் ஜிப்புக்கு கிடியன் சுண்ட்பேக் காப்புரிமை பெற்றது 1917-ல். தையற்காரர்கள் அதைப் பேண்ட்டில் ஏற்றுக்கொள்ள 1930-களின் நடுப்பகுதி ஆயிற்று. ஆகவே முதலிலிருந்தே ஜிப் இருந்த பேண்ட் 1920-ஐச் சேர்ந்ததாக இருக்காது. ஆனால் பட்டன் பிடித்தவர்கள் 1950-களிலும் பட்டனே கேட்டார்கள். என் அப்பாவிடம் வந்த தோட்டத்துரை ஒருவர் கடைசிவரை ஜிப்பைத் தொடவில்லை. காரணத்தை அப்பா எங்களிடம் சொன்னதில்லை. அம்மாவிடம் சொல்லிச் சிரித்ததைக் கேட்டிருக்கிறேன்.

நானும் சறுக்கியிருக்கிறேன். ஒரு மலையூர்ச் சந்தையில் ‘விக்டோரியா ராணி காலத்து’ வால்கோட்டு ஒன்றை வாங்கினேன். வெட்டு அப்படியே இருந்தது: உயர்ந்த கைக்குழி, ஒடுங்கிய முதுகு, கைக்குள் கோடு போட்ட லைனிங். வீட்டுக்கு வந்து தையல் விளிம்பிலிருந்து ஒரு நூலை உருவிப் பற்றவைத்தேன். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியும். இது உருகி, சொட்டி, கடுகு போலக் கெட்டியானது. பாலியெஸ்டர்! டெரிலீன் என்ற பாலியெஸ்டர் இழையைக் கண்டுபிடித்ததே 1941-ல். ராணி மறைந்தது 1901-ல். யாரோ பேண்டு வாத்தியக்காரருக்குத் தைத்த உடுப்பு அது. இன்னும் வைத்திருக்கிறேன், விற்க வெட்கமாக இருக்கிறது.

என் கோட்டுக்குள் வட்டமான இரண்டு கேக்குகளில் ஆளுக்கொரு துண்டு வெட்டியெடுத்ததுபோல ஒரு சின்னமும், பக்கத்தில் 41 என்ற எண்ணும் உள்ளன. 1941-ஆம் ஆண்டுக் கோட்டா? (வாசகர், கொழும்பு)

அவை கேக் அல்ல, இரண்டு ‘சி’ எழுத்துகள். ரெஜினால்ட் ஷிப் வரைந்தது. பிரிட்டனில் அதைப் பாலாடைக்கட்டி என்று கேலி செய்வார்கள், நீங்கள் கேக் என்கிறீர்கள். பசித்த காலத்துச் சின்னம், பொருத்தம்தான். போர்க்கால பிரிட்டன் விலையையும் தரத்தையும் கட்டுப்படுத்தித் தயாரித்த ‘யுடிலிடி’ உடைகளின் முத்திரை இது. எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்: இந்த முத்திரை 1941 முதல் 1952 வரை புழங்கியது.

உடையோடு பேண்ட்டும் இருந்தால் இன்னும் நெருங்கலாம். 1942-ல் சிக்கன விதிகள் வந்தன. முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று படிந்து இரண்டு வரிசைப் பட்டன் வரும் இரட்டை மார்புக் கோட்டு கூடாது, பைகளுக்குக் கணக்கு, பேண்ட்டின் காலடியில் வெளிமடிப்பு கூடாது. ஆண்கள் எதைப் பொறுத்தாலும் அந்த மடிப்புப் போனதைப் பொறுக்கவில்லை. வேண்டுமென்றே நீளமான பேண்ட்டை வாங்கி வீட்டில் மடித்துத் தைத்துக்கொண்டார்கள். 1944 தொடக்கத்தில் அந்த விதிகளைக் கைவிட்டார்கள். உங்கள் கோட்டு இரட்டை மார்பா? அப்படியானால் 1942-44 இடைவெளியில் தைத்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

அமெரிக்கக் கோட்டுகளுக்கு ஏதாவது எளிய வழி? (வாசகர், நியூஜெர்சி)

உங்களுக்கு யோகம். அங்கே வேலையைத் தொழிற்சங்கமே செய்து வைத்திருக்கிறது. ஆடைத் தொழிலாளர்களின் அமால்கமேட்டட் சங்கத்தின் சின்ன லேபிள் உள்பையின் அடியிலோ லைனிங்கின் மடிப்பிலோ ஒளிந்திருக்கும். அதில் 1949 என்று அச்சிட்டிருந்தால் 1949-62 காலம். 1962 என்றால் அங்கிருந்து, சங்கம் வேறொன்றோடு இணைந்த 1976 வரை.

முழுக்க கையால் தைத்த கோட்டு என்று சொல்லி விற்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகி, மதுரை)

முழுக்கக் கையால் தைத்தது என்று யாராவது சொன்னால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். நீளத் தையல்களை நல்ல தையற்காரர்களும் இயந்திரத்தில்தான் ஓட்டினார்கள். கை பேசும் இடங்கள் வேறு.

முதலில் காஜா. கைக்காஜாவின் பின்பக்கம் சற்று ஒழுங்கில்லாமல் இருக்கும். இயந்திரக் காஜா இரண்டு பக்கமும் ஒரே அழகு. அடுத்தது மார்பு. கீழ்ப்பட்டனுக்குப் பக்கத்தில் துணியை இரு விரலால் கிள்ளி, மேல்துணியையும் உள்துணியையும் பிரித்து இழுங்கள். நடுவில் மூன்றாவதாக ஒன்று தனியே நழுவினால் அது கான்வாஸ். குதிரைமுடி கலந்து நெய்தது. நழுவாமல் மேல்துணியோடு அட்டைபோல ஒட்டியிருந்தால் வெப்பத்தால் ஒட்டவைத்த உள்துணி. 1960-களுக்குப் பிறகே அது பரவலானது. அதன் ஆயுளும் குறைவு. பசை விட்டதும் மார்பெல்லாம் கொப்புளம் கிளம்பும்.

காலர் மடிப்புக்கு அடியில் சிறு சிறு பள்ளங்கள் தெரிகிறதா? கான்வாஸோடு சேர்த்து ஆயிரக்கணக்கில் போட்ட சாய்தையல் அது. தைக்கும்போதே துணியை விரலில் வளைத்துப் பிடித்துக்கொள்வார் அப்பா. அந்த வளைவு ஐம்பது வருடம் கழித்தும் நிமிராது. என்னிடம் அவர் தைத்த கோட்டு ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. அதை இஸ்திரி போட நான் யாரையும் விடுவதில்லை.

அந்துப்பூச்சி அரித்துவிட்டது. என்ன செய்வது? (வாசகர், ஊட்டி)

அரிப்பது பூச்சி அல்ல, அதன் புழு. முதலில் கோட்டை மற்ற துணிகளிலிருந்து பிரியுங்கள். பிளாஸ்டிக் பையில் காற்றில்லாமல் கட்டி, நன்றாக உறையும் பிரீசரில் இரண்டு வாரம் வைத்துவிட்டு, எடுத்த பின் பை ஒரு நாள் முழுக்க அறைச் சூட்டுக்கு வரும்வரை அவிழ்க்காதீர்கள். அவிழ்த்தால் துணியில் நீர் கோத்துக்கொள்ளும். பிறகு பிரஷ். குறிப்பாகக் காலருக்கு அடியிலும் கைக்குழியிலும். வியர்வை பட்ட இடம்தான் புழுவுக்கு விருந்து. அலமாரியில் வசம்பு போடலாம், என் அம்மா போடுவார். ஆனால் உள்ளே ஏற்கெனவே குடியேறிய புழுவை அது அசைக்காது. ஓட்டையை அவசரப்பட்டு அடைக்க வேண்டாம். உள்தையலில் மிச்சம் விட்ட துணியிலிருந்து நூல் உருவி இழையோட்டத் தெரிந்தவர் கிடைக்கும்வரை, அது ஓட்டையாகவே இருக்கட்டும்.